பழைய வரி பாக்கி யார் தலையில்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் பழைய வீடு ஒன்றைப் போன தை மாதம் கிரயம் வாங்கினேன். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் சுத்தமாக இருந்தது. இப்போது சொத்து வரியில் பெயர் மாற்றப் போனால், முன்னவர் வைத்த பாக்கி 61,000 ரூபாயைக் கட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். விற்றவர் பெங்களூருக்குப் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. அவர் வைத்த பாக்கியை நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் சொத்து வரி பாக்கி ஆளோடு போய்விடுவதில்லை. அது சொத்தின் மேலேயே முதல் பொறுப்பாக, அதாவது அந்தச் சொத்தை வைத்தே வசூலிக்கக்கூடிய கடனாக, நிற்கும். வில்லங்கச் சான்றில் கிரயம், அடமானம், செட்டில்மென்ட் என்று பதிவான பத்திரங்கள்தான் வரும். வரி பாக்கி மாநகராட்சிக் கணக்கில் மட்டும் இருப்பது, நூறு வருஷத்துக்குப் போட்டாலும் அதில் தெரியாது.

உங்களுக்குச் சாதகமான சட்டமும் இருக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 100வது பிரிவுப்படி, பொறுப்பு இருப்பது தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரிடம், வேறு சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அதை வசூலிக்க முடியாது. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971ல் உச்ச நீதிமன்றம், ஏலத்தில் வீடு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. இதை யாராவது உங்களுக்குச் சொல்லி ஆசை காட்டலாம். என் யோசனை, இதை நம்பி மாநகராட்சியோடு மோத வேண்டாம். கிரயத்துக்கு முன் கடைசி வரி ரசீதைக் கேட்டீர்களா என்பதுதான் கோர்ட்டில் வரும் முதல் கேள்வி. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டால், தெரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும், அதுவரை பெயர் மாற்றமும் தொங்கும்.

அப்படியென்றால் உடனே போய்க் கட்டிவிடலாமா? அதுவும் வேண்டாம். அரையாண்டு வாரியாகப் பாக்கி விவரம் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். சத்துவாச்சாரி 2011 வரை தனி நகராட்சி. மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில், பழைய வரி விதிப்பு எண்ணில் கட்டிய தொகை புது எண்ணில் ஏறாமல் கிடப்பது உண்டு. கதவு எண்ணும் உங்கள் வீட்டுடையதுதானா பாருங்கள். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்ததால் அதற்கு முன்னும் பின்னும் தொகை மாறும், அதைத் தப்பு என்று நினைக்க வேண்டாம். குடிநீர்க் கட்டணம் தனிக் கணக்கு, அதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கணக்கு சரியாக இருந்தால், “முந்தைய உரிமையாளரின் பாக்கி, ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்” என்று கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு கட்டுங்கள். உங்கள் பெயரில் ரசீது கேளுங்கள். பழைய பெயரில்தான் வரும் என்றால் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும்.

அப்புறம் விற்றவரைப் பிடிக்கலாம். கிரயத் தேதி வரையிலான வரியைக் கட்ட வேண்டியது விற்பவர் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55வது பிரிவு சொல்கிறது. உங்கள் பத்திரத்திலும் “வரி பாக்கி ஏதுமில்லை, பின்னிட்டு ஏதேனும் தெரிய வந்தால் எழுதிக் கொடுப்பவர் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவது” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். அவர் கட்ட வேண்டியதை நீங்கள் கட்டியதால், ஒப்பந்தச் சட்டம் 69வது பிரிவுப்படி திருப்பிக் கேட்கலாம். கட்டிய தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

முதலில் பத்திரத்தில் உள்ள முகவரிக்கும் பெங்களூர் முகவரிக்கும் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். போனை எடுக்காதவர்கள் பலர் நோட்டீஸைக் கண்டதும் பேச வருவார்கள். வந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு போட்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். வரவில்லை என்றால் உரிமையியல் வழக்குத்தான். அதற்குக் கிரயப் பத்திரம், முத்திரை போட்ட கடித நகல், வரி ரசீது, தபால் சேர்ந்ததற்கான சான்று எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்திருங்கள். பெயர் மாற்ற மனுவோடு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும், ஒரிஜினல் ரசீதைக் கொடுத்துவிடாதீர்கள்.