கூவாமல் வேலை வருமா?

கேள்வி: மருந்துக் கடையில் ஏழு ஆண்டுகள் பார்மசிஸ்டாக இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தபடி ஆங்கிலம்–தமிழ் மருத்துவ மொழிபெயர்ப்பில் இறங்கியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் புரோஸ் (ProZ.com) இணையதளத்திலும் மூன்று ஃபேஸ்புக் குழுக்களிலும் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று வாரம் தவறாமல் பதிவிடுகிறேன். லைக் விழுகிறது, வேலை வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலவே வேலை தேடும் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களிடம் போய் வேலை கேட்டால் லைக்தான் கிடைக்கும். ஆனால், உங்களுக்கு வேலை கொண்டுவரப் போவதும் அவர்களேதான். கை நிறைய வேலை வைத்திருக்கும் ஒருவரிடம் மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்காரர், ‘உங்களால் முடியாவிட்டால் வேறு யாரையாவது சொல்லுங்கள்’ என்பார். அந்த நொடியில் உங்கள் பெயர் அவர் வாயில் வர வேண்டும். எனக்கு முதல் நல்ல வேலை அப்படித்தான் வந்தது. என் பெயரைச் சொன்னவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எப்போதோ அவர் கேட்ட ஒரு சந்தேகத்துக்கு நான் எழுதிய பதிலை நினைவில் வைத்திருந்தார்.

புரோஸ் 1999 முதல் நடக்கும் தளம். அதில் ‘குடோஸ்’ என்ற கேள்வி–பதில் பகுதியை நீங்கள் தொட்டதாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பில் சிக்கிக்கொண்டவர் ஒரு சொல்லைக் கேட்பார். மற்றவர்கள் பதில் தருவார்கள். உதவிய பதிலுக்குக் கேட்டவர் நான்கு புள்ளிகள் வரை கொடுக்கலாம். அந்தப் புள்ளிகள் தளத்தின் பெயர்ப்பட்டியலில் உங்களை மேலே ஏற்றும். ஆனால் சந்தா கட்டியவர்கள் பட்டியலில் முன்னால் நிற்பார்கள் என்பதால் புள்ளிக்காக மட்டும் ஓடாதீர்கள். பதிலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் பேசும்.

மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் ஒன்றில் ‘அட்வர்ஸ் ஈவன்ட்’ (adverse event) என்று வருகிறது, தமிழில் என்ன போடலாம் என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். ‘பக்கவிளைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போவார் ஒருவர். நீங்கள் அப்படிப் போக மாட்டீர்கள். பக்கவிளைவு என்றதுமே மருந்துதான் காரணம் என்றாகிவிடும். இதுவோ, ஆய்வுக் காலத்தில் பங்கேற்பாளருக்கு நேரும் எந்த மருத்துவக் கெடுதலையும் குறிப்பது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து கை முறிந்தாலும் அதில் சேரும். ஆகவே ‘பாதகமான நிகழ்வு’ என்பதே பொருந்தும். இப்படி நான்கே வரியில் காரணத்தோடு எழுதுங்கள். கல்லாவுக்குப் பின்னால் ஏழு வருடம் நின்ற அனுபவம் அந்த நான்கு வரியில் தெரிந்துவிடும். ‘அனுபவம் மிக்க மருத்துவ மொழிபெயர்ப்பாளர்’ என்று சுயவிவரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

தமிழுக்கு வரும் கேள்விகள் குறைவு. ஸ்பானிய மொழிக்காரர்களுக்குக் குவிவதைப் போல நமக்குக் குவியாது. எனக்கு அது வசதியாகவே படுகிறது. கூட்டம் குறைவான இடத்தில் முகம் சீக்கிரம் பதியும். பழைய பதில்கள் கூகுள் தேடலிலும் அகப்படும். தெரியாத துறையில் மட்டும் கைவைக்காதீர்கள். பத்திரப்பதிவுச் சொல்லுக்கு ஊகத்தில் பதில் சொன்னால் அதுவும் அங்கேயே கிடக்கும்.

நீங்கள் கேள்வி கேட்கும்போது வாடிக்கையாளரின் ஆவணத்தை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மருந்தின் பெயரை நீக்கிவிட்டு ஒரு தொடரை மட்டும் கொடுங்கள். சுயவிவரக் கோப்பைப் பொதுவெளியில் தொங்கவிடவும் வேண்டாம். அதைத் திருடி, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, உங்கள் பெயரில் வேலை வாங்கும் மோசடிக் கும்பல்கள் இருக்கின்றன. அழைப்பு வந்ததும் தலைகால் புரியாமல் ஒப்புக்கொள்ளாமல், அதே தளத்தின் ‘புளூ போர்டு’ பகுதியில் அந்த ஏஜென்சியைப் பற்றி மற்றவர்கள் என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்காமல் ஒருமுறை ஒப்புக்கொண்டு, நாற்பது பக்கத்துக்கு உழைத்து, ஒரு பைசா வாங்கவில்லை.

குழந்தை தூங்கும் அரைமணி நேரம் இதற்குப் போதும். இன்றைக்கு அந்த அரைமணியில் உங்கள் பழைய ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ பதிவுகளை அழித்துவிடுங்கள். நல்ல பதில் ஒன்றைப் படித்துவிட்டு உங்கள் பக்கத்துக்கு வருபவர் கண்ணில் முதலில் அது பட வேண்டாம்.