கொலம்பிய இலக்கியம் படிக்க வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் திருச்சி. சென்னையில் ஒரு நிறுவனத்தின் ஸ்பானிய மொழி வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 62,000 ரூபாய். ஸ்பானிய மொழியில் பி2 நிலைத் தேர்வில் தேறியிருக்கிறேன். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸைப் படிக்க ஆரம்பித்தது, இப்போது கொலம்பிய நாவல்களும் திரைப்படங்களுமே என் உலகம் என்றாகிவிட்டது. இதையே முதுகலையில் படிக்க விரும்புகிறேன். லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் ஓராண்டு லத்தீன் அமெரிக்கவியல் படிப்பில் இடம் கொடுத்திருக்கிறது. மொத்தச் செலவு 42 லட்சம். வங்கி 30 லட்சம் தரத் தயார். ஆனால் அப்பாவின் வீட்டுப் பத்திரம் வேண்டுமாம். என்னிடம் வைப்புத்தொகையில் 10 லட்சம், பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 7 லட்சம், அது போக வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. அப்பாவுக்கு 57 வயது, இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு. அவர் சம்மதித்துவிட்டார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள். படிப்பைக் கைவிடவும் வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று உங்களை யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். பிணைந்திருப்பது லண்டனும் வீடும்தான்.

முதலில் அந்தக் கடனின் எடையைப் பார்த்துவிடுவோம். 30 லட்சம், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் ஓராண்டும், அதன்பின் தவணை தொடங்காத ஓராண்டும் சேர்ந்து 6.3 லட்சம் வட்டி ஏறிவிடும். பிறகு பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 49,000 ரூபாய். இன்று உங்கள் கைக்கு வருவதே 62,000. லண்டனில் வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் அங்கே தங்கி வேலை தேடும் காலம் இரண்டு ஆண்டாக இருந்தது; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் அரசு வகுத்த சம்பள வரம்பைத் தாண்டும் வேலையும் விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமும் வேண்டும். இலக்கியப் பட்டத்தோடு அந்த வரம்பைத் தொடுபவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஓய்வு பெறப் போகும் ஒருவரின் ஒரே வீட்டை அந்த நம்பிக்கையின் மேல் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் படிக்க விரும்பும் பொருள் லண்டனில் இல்லை, கொலம்பியத் தலைநகர் பொகோதாவில் இருக்கிறது. கொலம்பியாவின் தேசிய நூலகம் 1777-இல் தொடங்கியது. நாட்டின் மத்திய வங்கியான பாங்கோ தெ லா ரெபூப்ளிகா நடத்தும் லூயிஸ் ஆங்ஹெல் அராங்கோ நூலகம் 1958 முதல் பொகோதாவின் பழைய நகர்ப் பகுதியில் இயங்குகிறது. மத்திய வங்கியே பொது நூலகம் நடத்தும் நாடு அது. நிதி ஆலோசனை சொல்லும் என் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி குறைவு. படங்களுக்கு, 1971-இல் தொடங்கி 2019-இல் புதுக் கட்டடத்துக்கு மாறிய பொகோதா சினிமாதெக் என்ற திரைப்பட மையம் இருக்கிறது. பழைய படச்சுருள்களைக் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை 1986 முதல் செயல்படுகிறது. கார்சியா மார்க்கேஸின் கையெழுத்துப் படிகள் மட்டும் அமெரிக்காவுக்குப் போய்விட்டன: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் 2014-இல் அவற்றை 22 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவற்றில் ஒரு பெரும்பகுதியை 2017-இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். திருச்சியில் உட்கார்ந்தே பார்க்கலாம். அதற்காக டெக்சாஸ் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பொகோதாவிலேயே உங்கள் துறைக்கு இரண்டு அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. 1867-இல் நிறுவப்பட்ட கொலம்பிய தேசியப் பல்கலைக்கழகம் ஒன்று. இலக்கியத் துறையோடு தனியே ஒரு திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியும் அங்கே உண்டு. மற்றொன்று காரோ இ குவேர்வோ நிறுவனம், 1942-இல் தொடங்கியது; மொழியும் இலக்கியமுமே அதன் வேலை, முதுகலையும் நடத்துகிறது. ஹவேரியானா, லாஸ் ஆந்தேஸ் ஆகிய தனியார் பல்கலைக்கழகங்களும் நல்லவைதான். லாஸ் ஆந்தேஸின் கட்டணத்தைப் பார்த்தால் லண்டன் நினைவு திரும்ப வரும். உதவித்தொகை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனிப் பணம். கொலம்பியாவில் ஒரு வழக்கம் உங்கள் திட்டத்தை நேரடியாகத் தொடுகிறது. பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக் கட்டணத்தை அந்நாட்டு நாணயமான பெசோவில் நிலையான தொகையாக எழுதுவதில்லை. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தின் இத்தனை மடங்கு என்று எழுதுகின்றன. தேசியப் பல்கலைக்கழகத்தில் அதைப் 'புள்ளி' என்பார்கள். ஒரு புள்ளி என்பது ஒரு நாள் குறைந்தபட்ச ஊதியம். அந்த ஊதியம் ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறும். 2022-இல் மாதம் 10 லட்சம் பெசோ, 2023-இல் 11.6 லட்சம், 2024-இல் 13 லட்சம், 2025-இல் 14,23,500. மூன்று ஆண்டுகளில் 42 சதவீத உயர்வு. இன்றைய ஒரு பருவக் கட்டணத்தை நான்கால் பெருக்கி நான்கு பருவத்துக்கும் போதும் என்று நினைப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் தடுமாறுவது இதனால்தான்.

நீங்கள் சேரும் இடத்தின் உண்மையான மடங்கை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கணக்குக்காகப் பருவத்துக்கு ஐந்து மாத ஊதியம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2025 ஊதியப்படி அது 71 லட்சம் பெசோ. ஒரு ரூபாய்க்கு 40 பெசோ என்று கடுமையாகவே மதிப்பிட்டால் 1.78 லட்சம் ரூபாய். நீங்கள் 2027 தொடக்கத்தில் சேருவதாகவும், ஊதியம் ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறுவதாகவும் கொண்டால் நான்கு பருவத்துக்கு ஏறத்தாழ 9.5 லட்சம். தங்கும் செலவுக்கு மாதம் 23 லட்சம் பெசோ, அதாவது 57,500 ரூபாய் ஒதுக்குங்கள்: பகிர்ந்த வீட்டில் ஓர் அறை, சமைத்துச் சாப்பாடு, பஸ், புத்தகம், வாரம் ஒரு படம். இறுதிப் பருவம் ஆய்வேடு எழுதும் காலம். அதை ஊரிலிருந்தே எழுத விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். விட்டால் அங்கே இருப்பது 18 மாதம், செலவு 10.35 லட்சம். விமானம், விசா, மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டவர் அடையாள அட்டை, 2,600 மீட்டர் உயரத்துக் குளிருக்கான துணிமணி எல்லாவற்றுக்கும் 3 லட்சம். ஆக மொத்தம் 23 லட்சம்.

உங்களிடம் 17 லட்சம் இருக்கிறது. அதில் 2 லட்சத்தை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. 2018-இல் கொலம்பிய அரசுப் பல்கலைக்கழகங்களில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நடந்து பருவம் தள்ளிப்போனது. மறுபடி அப்படி நடந்தால் அறை வாடகை நிற்காது. மீதி 15 லட்சம். இன்னும் 18 மாதம் வேலையில் இருந்து மாதம் 25,000 சேர்த்தால் 4.5 லட்சம். இப்போது 19.5 லட்சம் ஆகிறது. பற்றாக்குறை மூன்றரை லட்சம் மட்டுமே.

இந்த மூன்றரை லட்சத்துக்குக் கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்பதில்லை, உங்கள் பங்காகப் பணம் போடவும் சொல்வதில்லை. அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். முழு 4 லட்சமே வாங்கினாலும், மூன்று ஆண்டு வட்டி சேர்ந்த பிறகு ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 11,300 ரூபாய். இன்று பார்க்கும் அதே வேலைக்குத் திரும்பினாலும் கட்டிவிடலாம். பொகோதா படிப்புக்குத் தர வங்கி தயங்கினால், தனிநபர் கடன் பக்கம் போகாமல் சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிப் போடுங்கள். அங்கே ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் தொடங்குகின்றன.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கொலம்பிய அரசின் கல்விக் கடன், உதவித்தொகை அமைப்பான இசெதெக்ஸ் 1950-இல் நிறுவப்பட்டது. வெளிநாட்டவர் அங்கே முதுகலை படிக்க உதவித்தொகையும் தருகிறது. அதன் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள். கிடைத்தால் கடனே வேண்டாம். கிடைக்காவிட்டாலும் திட்டம் நிற்க வேண்டும். அதனால்தான் மேலே உள்ள கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. மாணவர் விசாவில் பகுதிநேர வேலை பார்த்து ஈடுகட்டலாம் என்பதையும் இதே காரணத்தால் வரவில் எழுதாதீர்கள்.

உள்நாட்டிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய முதுகலை உண்டு; கட்டணம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் சிறு பகுதிகூட வராது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆவதுதான் குறிக்கோள் என்றால் நான் முதலில் தில்லியைத்தான் சொல்வேன்: ஸ்பானிய மொழியில் நெட் தேர்வு உண்டு, இந்தியப் பட்டத்துக்கு இணைச் சான்றிதழ் வாங்கும் அலைச்சல் இல்லை. கொலம்பியப் படங்களுக்குள் ஆழ இறங்க வேண்டும், அந்த மொழி பேசும் தெருவில் நின்று படிக்க வேண்டும் என்றால் பொகோதாதான்.

அது வீண் ஆசை என்று உறவினர்கள் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. 2003-இல் கொலம்பியா ஒரு திரைப்படச் சட்டம் கொண்டுவந்தது. திரையரங்குகளும் விநியோகஸ்தர்களும் தயாரிப்பாளர்களும் தங்கள் வருவாயில் ஒரு பங்கைத் திரைப்பட வளர்ச்சி நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் புதிய படங்களுக்குப் போகிறது. 2015-இல் சேசர் அகுஸ்தோ அசெவேதோவின் முதல் படம் கான் விழாவில் தங்கக் கேமரா விருது பெற்றது. அதே ஆண்டு வெளியான சிரோ கெர்ராவின் படம், ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் கொலம்பியப் படமானது. ஒரு சிறு வரி ஒரு நாட்டின் சினிமாவை எழுப்பி நிறுத்திய கதை இது. தமிழில் ஸ்பானிய மொழியிலிருந்து நேரடியாகப் பெயர்ப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தைச் சுற்றித்தான் நம்மிடம் வருகின்றன. இந்த நாவல்களையும் படங்களையும் நன்றாக அறிந்த ஒரு தமிழர் நமக்கு வேண்டும். மொழிபெயர்ப்பு மட்டும் வாடகை கட்டாது; உங்கள் ஸ்பானிய மொழி வேலை கட்டும். இரண்டையும் சேர்த்தே வாழ்க்கையைத் திட்டமிடுங்கள்.

சில நடைமுறை வேலைகள். மியூச்சுவல் ஃபண்டைப் புறப்படும் மாதத்தில் மொத்தமாக விற்காதீர்கள். சந்தை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆண்டில் பாதி, அடுத்த நிதியாண்டில் பாதி என்று எடுத்து வைப்புத்தொகைக்கு மாற்றுங்கள். நீண்ட கால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை; இரண்டு ஆண்டாகப் பிரித்தால் அந்தச் சலுகை இருமுறை கிடைக்கும். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வங்கி டிசிஎஸ் என்னும் முன்வரியைப் பிடிக்காது. எனவே பணத்தை மொத்தமாக அனுப்பாமல் பருவத்துக்குப் பருவம் அனுப்புங்கள். பெசோ நிலையான நாணயம் அல்ல. 2022 நவம்பரில் ஒரு டாலருக்கு 5,000-ஐத் தொட்டது, அடுத்த ஆண்டே 4,000-க்குக் கீழே வந்தது. ஒரே நாளில் முழுத் தொகையையும் மாற்றாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வருங்கால வைப்பு நிதியை அப்படியே விட்டுவிடுங்கள்.

நீங்கள் ராஜினாமா செய்யும் நாளில் அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். அப்பா, அம்மா அதில் இருந்தால் இப்போதே அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் கிடையாது. அந்தப் பிரீமியத்தை 25,000 சேமிப்பிலிருந்து எடுக்காமல் மாதச் செலவில் அடக்குங்கள். லண்டன் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டும் கெடு நெருங்கியிருக்கும். இந்த வாரமே மறுத்து எழுதிவிட்டு, காரோ இ குவேர்வோவுக்கும் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டண மடங்கு, ஆய்வேட்டுப் பருவ விதி, ஸ்பானிய மொழித் தகுதி ஆகிய மூன்றையும் கேட்டு ஸ்பானிய மொழியிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள்.