17 பேர், ஐந்து நாள், கும்பகோணம்: எங்கே தங்குவது?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு காவிரிக் கரைப் பக்கம் வருகிறோம், மொத்தம் 17 பேர். அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு முட்டி வலி. நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேரும் தம்பதியாக, பிள்ளைகள் ஏழு பேர், அதில் ஒன்று எட்டு மாதக் குழந்தை. பாதிப் பேர் சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில், மீதிப் பேர் கோவையிலிருந்து ஜன சதாப்தியில். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், திருநாகேஸ்வரம், முடிந்தால் தரங்கம்படி. தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்திலா? ஓட்டல் அறைகளா, முழு வீடா?

முதலில் ஊர். கும்பகோணத்தில் தங்குங்கள், ஐந்து நாளும் அங்கேயே. தாராசுரமும் திருநாகேஸ்வரமும் ஊரை ஒட்டியே இருக்கின்றன, கங்கைகொண்ட சோழபுரம் அணைக்கரை வழியாக ஒரு மணி நேரம், தரங்கம்படி மயிலாடுதுறை வழியாக இரண்டு மணி நேரம், தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். திருச்சி, ஸ்ரீரங்கம், கல்லணை எல்லாம் உங்கள் பட்டியலில் இருந்திருந்தால் தஞ்சாவூர் என்று சொல்லியிருப்பேன், இல்லை. இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று பிரிக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். 17 பேர் பெட்டி கட்டி, சார்ஜரைத் தேடி, குழந்தைக்குப் பால் கொடுத்து, கணக்கு முடித்து வேனில் ஏறுவதற்குள் அரை நாள் போய்விடும்.

இனி ஓட்டலா வீடா என்பது. இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம், இங்கே வருகிறவர்களுக்கு இருபது வருடமாக இடம் பார்த்துக் கொடுப்பதில் நான் கற்றுக்கொண்டதிலேயே முக்கியமானது இதுதான். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். வேறு ஊர்களில் காலையில் கிளம்பினால் ராத்திரி தூங்கத்தான் அறைக்குத் திரும்புவீர்கள், இங்கே அப்படி இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தினமும் மூன்று மணி நேரம் மொத்தக் குடும்பமும் தங்கும் இடத்தில்தான் இருக்கப்போகிறது. அந்த மூன்று மணி நேரம் எங்கே, எப்படிக் கழியும் என்று பார்த்து இடம் பிடியுங்கள். படுக்கை எத்தனை என்று எண்ணிப் பிடிக்காதீர்கள்.

ஓட்டலில் ஆறு அறை எடுத்தால் என்ன ஆகும் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு அறை முதல் மாடியில், மூன்று அறை இரண்டாம் மாடியில், ஒன்று பின்பக்கம். சாப்பிட்டு வந்ததும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பிள்ளைகள் போனும் கையுமாகக் குளிரில் சுருண்டுவிடுவார்கள், பேரப்பிள்ளைகளோடு ஐந்து நாள் இருக்கலாம் என்று ஆசையாக வந்த தாத்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார், "தம்பி, எங்க பசங்க எந்த ரூம்ல இருக்காங்க?" என்று. அதன் பிறகு பெரிய குடும்பம் என்றால் நான் முதலில் தேடுவது ஒரு கூடம். தரையில் பாய் விரித்து ஒரே நேரத்தில் பத்துப் பேர் சாய முடிகிற, நடுவில் குழந்தை தவழ முடிகிற ஒரு கூடம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது முழு வீடு. ஆனால் வீடு என்றால் எல்லா வீடும் இல்லை.

கும்பகோணத்தில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் இரண்டு வகை. ஒன்று, திண்ணை, முற்றம், ஊஞ்சல் எல்லாம் இருக்கும் பழைய ஓட்டு வீடு. படத்தில் பார்த்ததும் பிடித்துப்போகும், எனக்கும் பிடிக்கும். அதில் மூன்று விஷயம் கேளுங்கள்: குளியலறை வீட்டுக்குள் எத்தனை, கொல்லைப்புறத்தில் எத்தனை, வாசற்படிகள் எவ்வளவு உயரம். பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு நாலு படி, ரேழியைத் தாண்ட ஒரு படி, முற்றத்தைச் சுற்றி ஒரு இறக்கம் என்று ஒவ்வொரு அறைக்கும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். முட்டி வலிக்காரருக்கு மாடிப்படியை விட இது கஷ்டம், ஏனென்றால் மாடிக்கு ஒரு தடவை ஏறினால் போதும், இங்கே தண்ணீர் குடிக்கப் போனாலும் படி. இன்னொன்று, அக்கிரகாரத் தெரு வீடுகள் பலவற்றில் அசைவம் கூடாது என்று வைத்திருப்பார்கள், வெளியிலிருந்து வாங்கி வருவதும் சேர்த்துத்தான். முன்னாலேயே கேட்டுவிட்டால் மனக்கசப்பு இல்லை.

இரண்டாவது வகை, ஊரின் ஓரத்து நகர்களில் புதிதாகக் கட்டிய, கீழும் மேலும் இரண்டிரண்டு படுக்கையறை உள்ள மாடி வீடு. ஊஞ்சல் இருக்காது, ஆனால் அறைக்கு ஒரு பாத்ரூம், கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், வாசல் வரை வேன். உங்கள் குடும்பத்துக்கு இதுதான். கீழே ஒரு அறையில் அப்பா அம்மா, இன்னொன்றில் குழந்தை இருக்கும் குடும்பம். மேலே இரண்டு அறையில் இரண்டு தம்பதி. மீதமிருக்கும் தம்பதியும் பிள்ளைகளும் கூடத்திலும் மேல் ஹாலிலும் என்றால் நாலு பாத்ரூமுக்கு 17 பேர், ஒரு பாத்ரூமுக்குச் சராசரியாக நாலு பேர். இதற்கு மேல் போகக் கூடாது. பெண் பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால் ஹாலில் படுக்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும். அறை பற்றவில்லை என்றால் பக்கத்துத் தெரு லாட்ஜில் இரண்டு அறை கூடுதலாகப் போட்டு ஒரு தம்பதியையும் பெரிய பையன்களையும் ராத்திரி மட்டும் அங்கே அனுப்புங்கள், பகலெல்லாம் வீட்டில் ஒன்றாக இருக்கலாம்.

இப்போது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீடு எடுத்துக் கெட்டுப்போன பயணங்கள் பெரும்பாலும் இதில்தான் கெட்டன. நீங்கள் வருவது மார்கழி. கோயில்களில் விடியலுக்கு முன்பே பூஜை, உங்கள் அம்மா கட்டாயம் போகணும் என்பார்கள், அப்படியென்றால் நாலரைக்குள் பாதிக் குடும்பம் குளித்திருக்க வேண்டும். ஒரு சாதாரண 15 லிட்டர் கீசர் முழுக்கச் சூடாக இருபது நிமிடம் ஆகும், அதில் பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு பேர் குளிக்கலாம். நாலு பேர் குளிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அடுத்து மேல் டேங்க்: தலைக்கு 100 லிட்டர் வைத்தாலும் நாளைக்கு 1,700 லிட்டர், நிறைய வீடுகளில் இருப்பதோ 1,000 லிட்டர் டேங்க். நான் ஏற்பாடு செய்த ஒரு வீட்டிலேயே இது நடந்தது. பத்தொன்பது பேர், திருநள்ளாறு கிளம்பும் சனிக்கிழமை, காலை ஐந்து மணி. எட்டாவது ஆள் தலைக்குச் சோப்பு போட்டு நிற்கும்போது குழாய் கொர்ரென்று காற்றை விட்டு நின்றுவிட்டது. மோட்டார் ஸ்விட்ச் பூட்டிய அறைக்குள், சாவி வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரர் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். பக்கத்து வீட்டு அம்மா நாலு குடம் தண்ணீர் கொடுத்ததால் அந்தக் காலை தப்பியது. டேங்கைக் கேட்காமல் விட்டது என் தவறுதான், அதன் பிறகு கேட்காமல் விட்டதே இல்லை. நீங்களும் கேளுங்கள்: டேங்க் எத்தனை லிட்டர், மோட்டார் யார் போடுவது, ஸ்விட்ச் எங்கே, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு. இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள், அது விளக்குக்கும் ஃபேனுக்கும்தான், மோட்டாருக்கு வராது.

லாட்ஜிலும் இதே கேள்வி உண்டு. "வெந்நீர் காலை 6 முதல் 9 வரை" என்று பலகை இருந்தால் விடியற்காலைக் கோயிலுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

டிசம்பர் என்பதால் இன்னும் இரண்டு. வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது, 17 பேரின் துண்டும் குழந்தைத் துணியும் மொட்டை மாடியில் காயாது. கூரை போட்ட இடத்தில் கொடி கட்ட வசதி உண்டா என்று பாருங்கள். வயல்வெளிப் பக்கம் மழைக்குப் பின் கொசு அதிகம், ஜன்னலுக்கு வலை இல்லாத வீடு குழந்தைக்கு வேண்டாம்.

அதே டிசம்பரில் உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. இந்த ஊர்களில் அறை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் முகூர்த்தத்தைப் பொறுத்தது, தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாளில் சாதாரண லாட்ஜ் கூட மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று நிரம்பி நிற்கும். காலண்டரில் முகூர்த்த நாள் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள் என்று மற்ற மாதங்களில் வருகிறவர்களுக்கு எப்போதும் சொல்வேன். உங்கள் நாள்களில் கல்யாண மண்டபங்கள் சும்மா இருக்கும், சில மண்டபங்கள் மாடி அறைகளையும் சமையல்கட்டையும் குழுவுக்கு வாடகைக்குத் தரும், கூடம் கேட்டேனே, அது அங்கே தாராளமாக உண்டு. ஆனால் பாத்ரூமை நேரில் யாராவது பார்த்த பிறகே முன்பணம். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரும் காலம் என்பதால் மலிவான லாட்ஜ்களில் நெரிசல் இருக்கும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் அறை தேடவே வேண்டாம்.

சரி, நல்ல வீடு அமையவில்லை என்றால்? நடுத்தர ஓட்டல் ஒன்றில் ஒரே தளத்தில் ஆறு அறை கேளுங்கள், ஒரே தளம் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். கூடவே மதியத்துக்கு அவர்களுடைய சின்ன ஹாலைத் தர முடியுமா என்றும் கேளுங்கள், முகூர்த்தம் இல்லாத நாளில் அது பூட்டித்தான் கிடக்கும். எக்ஸ்ட்ரா பெட் என்றால் பல இடங்களில் தரையில் ஒரு மெத்தைதான், அதற்கு எவ்வளவு, எந்த வயது வரை பிள்ளைகளுக்குக் காசு இல்லை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்கிறது என்றால் லிஃப்ட் வரைக்கும் படி இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலில் ஆறு படி ஏறி லிஃப்டைப் பிடிக்கிற கட்டடம் இங்கே நிறைய. வரியையும் கணக்கில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஜிஎஸ்டி பில் போடும் இடத்தில் முழு வீட்டையும் ஒன்றாக 12,000 என்று வைத்திருந்தால் வரி மட்டும் 2,160 ரூபாய். சொன்ன வாடகை வரியோடா, வரி தனியா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இணையத்தில் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ கேளுங்கள், தெருமுனையிலிருந்து ஆரம்பித்து வாசல், படி, கூடம், ஒவ்வொரு பாத்ரூம் கதவும் திறந்து, மொட்டை மாடி டேங்க் வரை ஒரே ஓட்டமாக. மூன்று நிமிட வேலை. செய்ய மனமில்லாதவர் நீங்கள் வந்த பிறகு டியூப்லைட் எரியவில்லை என்றாலும் வரமாட்டார். பேசிய வாடகை, எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் முன்பணம் மட்டும் அனுப்புங்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மருமகனோ பேத்தியோ உடன் வந்தால் தங்குமிடக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், சின்ன வீடுகளில் பலருக்கு இந்த நடைமுறை தெரியாது, தெரிந்த இடமாகப் பாருங்கள்.

வேன் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிரைவர் எங்கே படுப்பார் என்று யாரும் கேட்பதில்லை. கீழே ஒரு சின்ன அறையோ, கட்டிலும் ஃபேனும் உள்ள இடமோ அவருக்கும் பேசி வையுங்கள், வண்டி சீட்டில் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் கிடந்தவர் மறுநாள் உங்கள் 17 பேரையும் தரங்கம்படிக்கு ஓட்டப்போகிறார்.

கடைசியாக வந்து சேரும் நாள். உழவன் விடிகாலையில் கும்பகோணம் வந்துவிடும், ஜன சதாப்தி வர நண்பகல். உள்ளே வரும் நேரம் பகல் 12 என்று இருக்கும் இடமானால் சென்னைக்காரர்கள் குழந்தையோடு ஸ்டேஷனில் உட்கார வேண்டியதுதான். முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கலாம், அல்லது 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜில் ஒரே ஒரு அறை போட்டுக் குளித்து, டிபன் முடித்து, மகாமகக் குளத்துப் பக்கம் மெதுவாகப் போய்விட்டு வரலாம். வீட்டுக்காரரிடம் அதிகாலைக்கே சாவி கேட்டுப் பாருங்கள், முந்தைய நாள் யாரும் இல்லாவிட்டால் பலரும் கொடுத்துவிடுவார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு முறை, ரயிலில் ஏறும் இரவு ஒரு முறை கூப்பிட்டு நினைவூட்டுங்கள், அப்போதே மோட்டார் போட்டு டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.