புயல் நாளிலும் முடிகிற பழக்கம்

அன்புள்ள ஐயா,

கடலூர் ஆல்பேட்டைப் பக்கம் எங்கள் வீடு. தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கணவருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை, கால் வலி. யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறேன். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததிலிருந்து வானம் இருட்டினாலே நெஞ்சு படபடக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து நாலரை மணிக்கு எழுவது, தியானம், பத்தாயிரம் அடி நடை, இரவில் மூன்று நன்றி எழுதுவது என்று ஆரம்பித்தேன். இரண்டு வாரம் தாண்டவில்லை. நன்றி எழுதும்போது பொய் எழுதுகிற மாதிரி இருந்தது. எனக்கு மன உறுதியே கிடையாதா? மகனை இப்போதே இதற்கெல்லாம் பழக்கலாமா?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து சேற்றை அள்ளிப்போட்டு, மறுபடி அடுப்பு மூட்டி, இன்றுவரை பஸ்ஸைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கா மன உறுதி இல்லை? அந்தப் பட்டியல்தான் உங்களுக்குச் சரிப்படாதது. காலைப் பொழுது முழுக்கத் தனக்கே சொந்தமாக உள்ள யாரோ ஒருவருக்காகப் போட்டது அது.

பத்தாயிரம் அடி என்ற கணக்கு 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் அளந்து வைத்த எல்லை அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தது வாரம் 150 நிமிடம், சற்று வேகமான நடை போன்ற உழைப்பு வேண்டும் என்கிறது. அதைத் துண்டு துண்டாகவும் சேர்த்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு நீங்கள் விரைந்து நடக்கிற நடையும் இதில் சேர்த்தி. அப்புறம் இந்த இரண்டு வாரக் கணக்கு. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். நீங்கள் ரொம்ப சீக்கிரமே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

நாலரை மணியை இன்றோடு விடுங்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நாள் முழுக்க எரிச்சல்தான் மிஞ்சும். எழுகிற நேரம் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும், அது ஐந்தரையாக இருந்தாலும் சரி. எழுந்ததும் போனைத் தொடாமல் வாசலுக்குப் போங்கள். விடிகிற வெளிச்சம் கண்ணில் படுவதை வைத்துத்தான் உடம்பு தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இரவில் தூக்கம் எப்போது வர வேண்டும் என்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. கோலம் போடுகிற வீடு என்றால் அந்த நேரத்தைச் சற்றுத் தள்ளி, வெளுத்த பிறகு போடுங்கள். ஏற்கெனவே செய்கிற காரியத்தோடு கட்டிவிட்டால் பழக்கத்தைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அந்த பஸ் பயணம். அதைப் போனிடம் கொடுத்துவிடாதீர்கள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் ஆரம்பியுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். கன்னியக்கோயில் வரைக்கும் போதும். வெளிவிடும் மூச்சு நீளும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. இதற்கு ஆசனமும் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். நின்றுகொண்டு போகிற நாளிலும் முடியும்.

இனி மழையைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்த வரி அதுதான். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த கரை இது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் ஆற்றில் வந்தது. வானம் இருட்டினால் உங்கள் நெஞ்சு படபடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பு கண்டதை மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குக் கைவேலை கொடுங்கள். செப்டம்பரிலேயே ஒரு சனிக்கிழமை ரேஷன் கார்டு, பத்திரம், மகனின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். மாமியாருக்கு ஒரு வாரத்து மாத்திரையைத் தனியாக எடுத்து வையுங்கள். டார்ச்சைச் சார்ஜ் போடுங்கள். தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடிக்குப் போவது என்று அந்த வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். செய்ய வேண்டியதைச் செய்து வைத்த மனதுக்கும் வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனதுக்கும் வித்தியாசம் நிறைய.

எந்தப் பழக்கத்துக்கும் ஒரு புயல் அளவு வேண்டும் என்பது என் கட்சி. நடக்க முடியாத நாளில் வீட்டுக்குள் பத்து நிமிடம். மூச்சு பார்க்க முடியாத நாளில் மூன்றே மூச்சு. கரண்ட் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற நாளிலும் செய்ய முடிகிற அளவு எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல நாளில் மட்டும் நடக்கிற பழக்கம் நமக்கு எதற்கு?

அப்பரை நினைத்துக்கொள்கிறேன். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர். சூலை நோயும் அரச தண்டனையும் பட்டவர். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் ஏறிய இடம் நம் வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்ட குப்பம் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. அவ்வளவும் பட்டவர் கையில் கடைசிவரை இருந்தது ஓர் உழவாரப்படை. போகிற ஊரெல்லாம் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். மனது ஒரே நினைப்பைச் சுற்றிச் சுற்றி வரும்போது மண்ணைத் தொடுகிற வேலை அதை நிறுத்துகிறது. வாசலில் இரண்டு தொட்டி கீரை உங்களுக்குப் போதும்.

நன்றி எழுதுவது பொய்யாகப் பட்டால் நிறுத்திவிடுங்கள். நோட்டில் எழுதுவதைவிட ஆளிடம் சொல்வது எனக்குப் பிடித்தது. வெள்ளத்தன்று உங்களுக்குச் சோறு கொடுத்தவர் யாராவது இருப்பார். அவருக்கு ஒரு போன் போடுங்கள். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்றுவரை நடக்கிற ஆய்வொன்று, முதுமையில் நலமாக இருப்பவர்களைப் பார்த்ததில் நெருங்கிய உறவுகளுக்குத்தான் பெரிய இடம் கொடுக்கிறது. ஞாயிறு மாலை குடும்பத்தோடு வெள்ளி கடற்கரைக்குப் போவதை நான் தியானத்துக்கு மேலாக வைப்பேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பழக்கங்களை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்குப் பட்டியல் போட வேண்டாம். கீரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் டார்ச்சைச் சார்ஜ் போடுவதையும் அவன் பொறுப்பில் விடுங்கள். அவன் மறந்தால் நீங்கள் ஊற்றாதீர்கள்.