பேரன் ஏன் படுத்தே கிடக்கிறான்?

வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணத்தில் 28 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். அந்த ஒரே காரணத்துக்காக, டிவியில் போட்டோ பார்ப்பது பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார்.

மகன் லீவில் வந்தபோது 128 ஜிபி பென்டிரைவ் நிறையப் பேரன் படங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஹால் டிவியில் பாதிப் படங்கள்தான் வருகின்றன. மீதிக்கு ‘அன்சப்போர்ட்டட்’ என்கிறது. வருகிற படங்களிலும் சிலவற்றில் பேரன் படுத்துக்கிடக்கிறான். ரூமில் இருக்கும் பழைய டிவியோ பென்டிரைவே செருகவில்லை என்று சாதிக்கிறது. டிவி கெட்டுவிட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

கெடவில்லை அம்மா. மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள், வந்ததற்கு ஏதாவது ஒன்றைக் கழற்றிவிட்டுப் போவார்.

உங்கள் மகன் ஐபோன், மருமகள் ஆண்ட்ராய்டு என்று நினைக்கிறேன், சரியா? 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இடத்தை மிச்சம் பிடிக்க ‘ஹெய்க்’ என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. பல டிவிகளுக்குத் தெரிந்தது ஜேபெக் என்ற பழைய வகை மட்டும்தான், ஃபைல் பெயரின் கடைசியில் ‘ஜேபிஜி’ என்று வருமே, அதுதான். வராத பாதி மகன் எடுத்தது. ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பலகையை மாற்றினால் கடை மாறாது. மகனிடம் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைக்கச் சொல்லுங்கள். இனி எடுப்பவை ஜேபெக்காகவே வரும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கும் வழி உண்டு. அதே செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்று இருக்கும். அதில் ‘ஆட்டோமேட்டிக்’ வைத்துவிட்டு, கேபிள் மூலம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஏற்றினால் ஜேபெக்காக மாறியே இறங்கும். அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் ஜேபெக்தான். ஆனால் சுருக்கிவிடும். அனுப்பும்போது ‘எச்டி’யைத் தொட்டால் கொஞ்சம் தேவலாம்.

அடுத்து, படுத்திருக்கும் பேரன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் படுத்தபடிதான் இருக்கிறது. போன் படத்தை அப்படியே எழுதிவிட்டு, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பைக் கூடவே சேர்த்துவிடும். போனும் கம்ப்யூட்டரும் அதைப் படிக்கின்றன, சில டிவிகள் படிப்பதில்லை. நாலைந்து படங்கள் என்றால் ரிமோட்டிலேயே ‘ரொட்டேட்’ இருக்கிறதா பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் இர்ஃபான்வியூ என்ற மென்பொருளை, அதன் பிளக்இன்களோடு, கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதில் ஜேபெக் படங்களைத் தரம் குறையாமல், அந்தக் குறிப்பைப் பார்த்து மொத்தமாக நிமிர்த்தும் வசதி இருக்கிறது. முதலில் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். பேரன் விஷயம் பாருங்கள்.

பழைய டிவிக்குப் பிரச்சினை பென்டிரைவ்தான். உள்ளே ஃபைல்களை அடுக்கிவைக்கப் பல முறைகள் உண்டு. பெரிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, பழைய டிவிகளில் பலவற்றுக்கு ஃபேட்32 மட்டும்தான் புரியும். ஒரு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி ஃபேட்32இல் ஃபார்மட் செய்யுங்கள். படம் ஒன்றுக்கு 4 எம்பி என்றாலும் எண்ணாயிரம் கொள்ளும். அத்தனையும் பார்க்கிற பொறுமை பாட்டிக்கு இருக்கலாம், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இருக்காது. நல்லதாக நூறு படத்தைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

எங்கள் கல்யாணம் 2001இல் நடந்தது. மூன்று விசிடி. பிளேயர் எப்போதோ போய்விட்டது. அண்ணன் மகன் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான், டிவியில் வீடியோ எதுவுமே தெரியவில்லை. ஏதாவது வழி உண்டா?
– வாசகி, பழனி

இந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட விசிடிகளை நானே ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாமரைப்பூ விரியும், உள்ளே மணமகள் முகம் வரும். போகாத சுவிட்சர்லாந்தில் மணமக்கள் நடப்பார்கள். நாங்கள்தான் செய்தோம், மன்னிக்கவும்.

விசிடிக்குள் ‘எம்பெக்ஏவி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘ஏவிசீக்01’ என்ற ஃபைல், கடைசியில் ‘டாட்’ (DAT) என்று முடியும். அதுதான் உங்கள் கல்யாணம். ‘டாட்’ என்றால் டிவிக்கு வீடியோ என்று தெரியாது. மேலே மன்னார்குடி அம்மாவிடம் பெயரை மாற்றாதீர்கள் என்றேன் அல்லவா, நீங்கள் மாற்றலாம். ‘டாட்’டை எடுத்துவிட்டு ‘எம்பிஜி’ என்று போடுங்கள். உள்ளே இருப்பது எம்பெக் வீடியோதான் என்பதால் பல டிவிகள் ஓட்டிவிடும். ஓடாவிட்டால் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற மென்பொருள் மூலம் எம்பி4 வகை வீடியோவாக மாற்றிக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும்போது தட்டு பாதியில் நின்றால், மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது பதிவு ஓடும் தடத்தின் வழியாகவே போய் படிக்க முடியாமல் ஆக்கிவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், படம் மங்கலாகத்தான் இருக்கும். விசிடியில் 352க்கு 288, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளிகள். இன்றைய 4கே டிவியில் 83 லட்சம். ஒரு புள்ளியை எண்பது இடத்துக்கு இழுத்துப் போர்த்துகிறது டிவி. எட்ட உட்கார்ந்து பாருங்கள், அல்லது சின்ன டிவியில் போடுங்கள். அதைவிட முக்கியம், பரணில் அந்தக் கல்யாணத்தின் வீடியோ கேசட் இருக்கிறதா என்று தேடுங்கள். விசிடி அந்தக் கேசட்டைப் பிழிந்து எடுத்தது. கேசட்டிலிருந்து நேராக மாற்றினால் இதைவிட நன்றாக வரும். நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

போனில் இருக்கும் படங்களை மிரரிங் செய்து உறவினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கடன் கொடுத்தவரின் வாட்ஸ்அப் மெசேஜ் டிவியில் பெரிசாக வந்து மானம் போய்விட்டது.
– வாசகர், திருப்பூர்

தம்பி, எனக்கும் நடந்திருக்கிறது. மச்சான் வீட்டில் கொள்ளுத்தாத்தா படத்தின் நெற்றியில் ‘சின்ன வெங்காயம் அரை கிலோ, மறந்துடாதீங்க’ என்று வந்து நின்றது.

மிரரிங் என்றால் போனின் முகம் முழுக்க டிவியில். வருகிற மெசேஜும் சேர்த்துத்தான். கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்தால் மூலையில் அலை வீசுகிற பெட்டி போல ஒரு ‘காஸ்ட்’ அடையாளம் இருக்கும். அதைத் தொட்டு அனுப்பினால் அந்தப் படம் மட்டும் போகும், மெசேஜ் உங்கள் கையிலேயே நிற்கும். அதற்கு டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், டிவியிலோ அதில் செருகிய கருவியிலோ கூகுள் காஸ்ட் (முன்பு குரோம்காஸ்ட் என்பார்கள்) வசதியும் வேண்டும். இல்லை, மிரரிங்தான் செய்வேன் என்றால் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

போனை டிவியோடு இணைக்க டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். டிவியில் ‘நோ சிக்னல்’. கேபிள் போலியா?
– வாசகர், விருத்தாசலம்

போன்தான் காரணமாக இருக்கும். துளை ஒரே மாதிரி இருந்தாலும், எல்லா டைப்-சி வழியாகவும் படம் வெளியே வராது. ‘டிஸ்ப்ளேபோர்ட்’ வசதி உள்ள போனில்தான் வரும், விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் உங்கள் நல்ல நேரம்.

டிவியில் அப்பா முகம் குங்குமம் பூசியது போல் சிவந்து தெரிகிறது. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவைக் காணவில்லை.
– வாசகி, காரைக்குடி

பிக்சர் மோடில் ‘விவிட்’ இருக்கும், ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சளாகத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். பிக்சர் சைஸில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று எது இருக்கிறதோ அதை வைத்தால் சித்தப்பா திரும்பி வருவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விட்டுவிடுங்கள். அதை அடைக்கப் போய்த்தான் பலர் வீட்டில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்.

போட்டோவை டிவியில் பார்க்கும் பழக்கம் எப்போது வந்தது?
– கல்லூரி மாணவர், திருச்சி

கையில் தூக்கிப் போகும் டிஜிட்டல் கேமரா பிறந்த அன்றே. 1975 டிசம்பரில், அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படத்தில் மொத்தமே பத்தாயிரம் புள்ளி, அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட் நாடாவில் எழுத 23 விநாடி. கேமராவில் திரை கிடையாது, பார்க்க ஒரே வழி டிவிதான். ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் படம் எடுத்து, நாடாவை ஓட்டினார்கள். முடி தெரிந்தது, பின்னணி தெரிந்தது, முகம் மட்டும் கலங்கிக் கிடந்தது. இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். பிறகு ஒயர்களை மாற்றிப் பொருத்தினார்கள், முகம் வந்துவிட்டது.