செட்டிநாட்டுப் பழைய வீட்டில் பாடிப் பதிவு செய்கிறேன், எதிரொலியை எப்படிக் குறைப்பது?

காரைக்குடியில் பழைய வீடு, ஆத்தங்குடிக் கல் தரை, மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக். பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது, சுவர் முழுக்க ஃபோம் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்ட வேண்டாம். காசுக்குக் கேடு, சுவருக்கும் கேடு.

நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். அப்பத்தா பாடும் தாலாட்டுகளை இப்படி ஒரு வீட்டில்தான் பதிவு செய்கிறேன்.

நம் வீடுகளில் சத்தத்தை உறிஞ்ச எதுவுமே இல்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தரை, எட்டாத உயரத்தில் கூரை. 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரமுள்ள காலி அறை என்று வைத்துக்கொள்வோம். கனஅளவு 63 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து சுமார் 95 சதுர மீட்டர். அவற்றில் படும் சத்தத்தில் 3 சதவீதம்தான் உறிஞ்சப்படுகிறது என்றால், கைதட்டிய ஓசை அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். குரல் பதிவுக்கு அது அரை விநாடிக்கும் கீழே இருந்தால்தான் நல்லது. இந்தக் கணக்கைத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1890களில் ஹார்வர்டின் ஒரு விரிவுரைக் கூடத்தில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கியே அளந்து பார்த்தார். ஆக நான் சொல்லப்போகும் மெத்தை வைத்தியம் ஒன்றும் ஏழைக்கேற்ற சமாளிப்பு அல்ல.

அதே அறையில் 10 சதுர மீட்டர் மெத்தை வைத்தாலும் ஒரு விநாடி அளவுக்குத்தான் இறங்கும். அதனால் அறையை அடக்கப் பார்க்காதீர்கள். பாடுபவரைச் சுற்றி ஒரு மூலையை மட்டும் அடக்கினால் போதும்.

முதலில் அறையை மாற்றுங்கள். பட்டாலை (பெரிய கூடம்), வளவு (நடுமுற்றம்) இரண்டும் வேண்டாம். வளவை ஒட்டிய சாமான் அறைதான் நல்லது. கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் மெத்தை, தலையணை, ஜமக்காளம் எல்லாம் அங்கேதானே கிடக்கின்றன! பித்தளை அண்டாக்களை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், சில சுரங்களுக்கு அவையும் கூடவே பாடும்.

அப்புறம் இரண்டு கட்டில்களை நிமிர்த்தி, மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, அவற்றின்மேல் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்துக் கட்டுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியால் கீழ் சுரங்களும் ஓரளவு அடங்கும். பாடுபவர் மெத்தைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பலரும் மைக்குக்குப் பின்னால்தான் மெத்தையை வைக்கிறார்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் வகை) தன் முதுகுப்பக்கச் சத்தத்தைத் தானே பெரும்பாலும் தள்ளிவிடும். அது நேராகக் கேட்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும்தான். காலடியில் ஜமக்காளத்தை நான்கு மடிப்பாக விரியுங்கள்.

ஒரு அங்குல ஃபோம் ஏன் உதவாது? அது ‘ச’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் தின்னும். அடித்தொண்டைப் பகுதியிலுள்ள 250 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.37 மீட்டர், அதற்கு அந்த ஃபோம் எம்மாத்திரம்? பளிச்சென்ற ஒலி போய், அடித்தொண்டை முழக்கம் மட்டும் மிஞ்சும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மைக்கை நெருங்குவதற்குச் செலவே இல்லை. இரண்டு சாண் தூரத்தை ஒரு சாணாக்கினால் நேர்க்குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் ஒலி அப்படியே இருக்கும். நெருங்கும்போது ‘ப’ வெடிக்கும், ஆகவே மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் அவசியம். குரல் கனத்துப்போனால் ஈக்யூவில் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் சித்திரை, வைகாசியில் விடிகாலைதான் சரிப்படும்.

எதிரொலி நீக்கும் மென்பொருளை நம்பிப் பாடாதீர்கள். அளவாகப் போட்டால் உதவும், கூட்டினால் குரல் தண்ணீருக்குள் போய்விடும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் போட்டதும் ஒளிந்திருந்த எதிரொலி மேலே வரும் என்பதையும் மனதில் வையுங்கள். எனவே முழுப் பாட்டையும் பாடுவதற்கு முன் இரண்டு வரி பதிவு செய்து, கம்ப்ரெஸரோடு ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். வரி முடிந்த இடத்தில் இன்னும் வால் நீண்டால், இன்னொரு மெத்தையை எடுத்துப் பக்கவாட்டில் நிறுத்துங்கள்.