வாய்க்குப் போகும் கை

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. போன மாதம் ஓரகத்தியின் வளைகாப்பில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவர், “ரெண்டு பிள்ளைக்குத் தாய், இன்னும் விளையாட்டுப்புத்தி போகலையே” என்றார். அவரும்தான் அங்கே ஜோக் அடித்தார். அவரை ‘ஜாலியான ஆளு’ என்றார்கள். பக்குவம் என்றால் சிரிப்பைக் குறைத்துக்கொள்வதா? நகைச்சுவையாக எழுதும் பெண்கள் சிலரைச் சொல்லுங்கள். சிறுபிள்ளைத்தனமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ச.

அன்புள்ள ச.,

கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. யாரிடம், எதற்கு மன்னிப்பு? கேள்வி கேட்கும்போதே கை வாய்க்குப் போய்விட்டது பாருங்கள்.

அந்தக் கையைப் பற்றித்தான் சில நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1983இல் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம் கையில் கிடைத்தது. ஆண்கள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பெண்களில் பாதிப்பேர் வாயில் முந்தானை, மீதிப்பேர் வாயில் விரல். என் அத்தை நான்கு படங்களில் இருக்கிறாள். நான்கிலும் கண் மட்டும்தான் சிரிக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்த முகம் எந்தப் படத்திலும் இல்லை.

முறுக்குச் சுடும்போது, மணையில் உட்கார்ந்தபடியே, கல்யாணத் தரகரின் நடையைத் தோளை மட்டும் அசைத்துக் காட்டுவாள். சட்டியில் முறுக்கு கருகும், எடுக்க ஆள் இருக்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அடுப்படி அடங்கிவிடும். திண்ணையில் என் அப்பா அதே மூன்று கதைகளை முப்பது வருஷம் சொன்னார். பேச்சில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். நாற்பதுக்கு மேல் அத்தை நிறுத்திக்கொண்டாள். “பொறுப்பு வந்துட்டு” என்றார்கள். பதினான்கு வயதில் நானும் அதை நம்பினேன். ‘இன்னொரு தடவை செய்து காட்டு அத்தை’ என்று ஒருநாளும் கேட்கவில்லை.

‘பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்கிறார்கள். சிரிக்கிற பெண்ணை, பிரித்தால் கெட்டுப்போகும் சரக்காகப் பார்க்கிற கண் அது. வயதும் பதவியும் அதிலிருந்து காப்பாற்றாது. 2018 பிப்ரவரியில் மாநிலங்களவையில் ரேணுகா சவுத்ரி உரக்கச் சிரித்தார். மத்திய அமைச்சராக இருந்தவர், வயது 63. ஏதாவது பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் போகச் சொன்னார் அவைத்தலைவர். இராமாயணத் தொடருக்குப் பிறகு இப்படியொரு சிரிப்பை இன்றுதான் கேட்கிறோம் என்றார் பிரதமர். அதற்கு ஆளுங்கட்சி வரிசைகள் சிரித்தன. அந்தச் சிரிப்புக்கு அவைத்தலைவர் யாரையும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை.

பக்குவம் என்று கேட்டீர்கள். ‘நகல்வல்லர் அல்லார்க்கு மாயிரு ஞாலம் பகலும்பாற் பட்டன்று இருள்.’ 999ஆவது குறள். பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டு. வள்ளுவர் இதை வைத்த அதிகாரம் பண்புடைமை. ஒரு வீடு நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்துவிட்டு வந்து, எனக்குப் பண்பு போதுமா என்று கேட்கிறீர்களே அம்மா!

உங்கள் கணவரைத் திட்டமாட்டேன். அவர் வளர்ந்த வீட்டில் கேட்டதைச் சொல்கிறார். புத்தகப் பட்டியல் பிறகு பார்க்கலாம்.

கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். கணவர் சொன்னது வார்த்தை பிசகாமல் இருக்கிறது. வளைகாப்பில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் எங்குமே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள், முழுசாக.